கடை அடைத்த பிறகு கிடார்
வீட்டுப் பயிற்சிக்கு ஏற்ற சிறிய ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



துவரம் பருப்பு விலை, எடைக்கல் முத்திரை, ஜி.எஸ்.டி. கணக்கு என்று எழுதி வந்தவன் இந்த மாதம் இசைக் கருவி பற்றி எழுதுகிறேனே என்று வியக்க வேண்டாம். சென்ற செயற்குழுக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் உறுப்பினர் ஒருவர் கேட்டார். "அண்ணாச்சி, பேரன் கிடார் வகுப்புக்குப் போறான். ஆம்ப்ளிஃபயர் வாங்கிக் கொடுன்னு உயிரை எடுக்கிறான். கடைக்கு மேல வீடு, பக்கத்துச் சுவரும் பொதுச் சுவர். அதை வாங்கி வச்சா தெருவே கூடிடாதா?" அவர் கேட்டதும் மேலும் மூன்று பேர் அதே கேள்வியோடு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை விட இதழில் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. இந்த விஷயத்தில் நான் ஏற்கெனவே பணத்தையும் மரியாதையையும் இழந்து பாடம் படித்தவன்.

நான் செய்த தவறு

இளமையில் மூன்று ஆண்டுகள் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தேன். தந்தையார் படுக்கையில் விழுந்ததும் மண்டிக் கல்லாவில் உட்கார்ந்தேன். கிடார் பரணுக்குப் போயிற்று. அறுபது வயதுக்குப் பிறகு மகன் வியாபாரத்தைப் பார்த்துக் கொள்ள ஆரம்பித்ததும் அதைக் கீழே இறக்கினேன். ஆனாலும் நம் தொழிலில் நேரம் ஏது? லாரி வந்து சரக்கு இறக்கி, கடை அடைத்து, பேரேடு பார்த்து, சாப்பிட்டு எழுந்தால் இரவு பத்து மணி. வாசிக்க விரும்பினால் அந்த நேரந்தான்.

அப்போது என் வியாபார புத்தி வேலை செய்தது. கலைந்து போன ஒரு குழுவிடமிருந்து 50 வாட் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் பாதி விலைக்கு வந்தது. "பெரிய பெட்டி, மலிவான விலை, பிற்பாடு விற்றாலும் நஷ்டமில்லை" என்று கணக்குப் போட்டு வாங்கினேன். இரண்டு பேர் சேர்ந்து தூக்கி மாடிக்குக் கொண்டு போனோம்.

ஒலி அளவை மிகக் குறைத்து வைத்தால் தகர டப்பாவைத் தட்டியது போல உயிரில்லாமல் கேட்டது. கொஞ்சம் கூட்டினேன். நான் மேடையில் கேட்ட அதே நாதம் வந்தது. கூடவே அலமாரியில் இருந்த தம்ளர்களும் ஆடின. மூன்றாம் நாள் இரவு பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். நாற்பது ஆண்டுப் பழக்கம். அவர் சண்டைக்கு வரவில்லை. "அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. அம்மாவுக்கு உடம்புக்கு முடியலை, ரெண்டு நாளாத் தூக்கமில்லை" என்றார். அவர் திட்டியிருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது. அன்றோடு கிடார் மீண்டும் பரணுக்குப் போனது. ஏழு மாதம் அதைத் தொடவில்லை.

பெரிய பெட்டி ஏன் வீட்டுக்கு ஆகாது?

நம்மில் மூத்தவர்களுக்கு வால்வு ரேடியோ நினைவிருக்கும். போட்டதும் பேசாது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் சூடேறிச் சிவந்த பிறகுதான் பேசும். கிடார் ஆம்ப்ளிஃபயரும் அதே காலத்துச் சரக்குதான். அதில் ஒரு விசேஷம் உண்டு. வால்வுகளையும் ஸ்பீக்கரையும் அவற்றின் சக்தியின் எல்லை வரை ஓட்டும்போது ஒலி லேசாக உடைந்து, கனிந்து, நீண்டு ஒலிக்கும். உலகம் விரும்பும் மின்சாரக் கிடாரின் குரல் அதுதான். ஆகவே நல்ல குரல் வேண்டுமென்றால் உரக்க வைக்க வேண்டும். உரக்க வைத்தால் ஊர் தாங்காது.

"அப்படியானால் 50 வாட்டுக்குப் பதில் 5 வாட் வாங்கினால் சத்தம் பத்தில் ஒரு பங்காகிவிடுமே" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். நம் தராசுக் கணக்கு இங்கே செல்லாது. வாட் பத்து மடங்கு குறைந்தால் கூடுவது குறைவது 10 டெசிபல்தான். காதுக்கு அது ஏறக்குறைய பாதி சத்தமாகத்தான் தெரியும். 5 வாட் வால்வுப் பெட்டியை முழுதாகத் திறந்து வைத்தாலும் பக்கத்து வீட்டில் யாரும் தூங்க முடியாது. வீட்டு அறையில் நமக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் குறைவுதான்.

சட்டமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம். அந்த நேரத்தில் குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல், வணிகப் பகுதிக்கு 55 டெசிபல்தான் வரையறை. நாம் சாதாரணமாகப் பேசும் பேச்சே சுமார் 60 டெசிபல் என்றால், 45 எவ்வளவு குறைவு என்பதைப் புரிந்து கொள்ளலாம்.

இரண்டு கடைக்காரர்களின் கதை

இந்த ஆம்ப்ளிஃபயர்களின் வரலாறே நம்மைப் போன்ற கடைக்காரர்களின் வரலாறுதான்.

அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் கணக்கியல் படித்தவர். கணக்கர் வேலை போன பிறகு 1938இல் 600 டாலர் கடன் வாங்கி, கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தார். பாட்டுக்காரர்கள் தங்கள் பெட்டிகளைப் பழுது பார்க்கக் கொண்டு வந்தார்கள். அவர்கள் குறைகளைக் கேட்டுக் கேட்டே, தாமே ஆம்ப்ளிஃபயரும் கிடாரும் செய்ய ஆரம்பித்தார்.

இங்கிலாந்தில் ஜிம் மார்ஷல் என்பவர் டிரம்ஸ் ஆசிரியர். 1960இல் லண்டன் ஹான்வெல் பகுதியில் டிரம்ஸ் கடை திறந்தார். டிரம்ஸ் வாங்க வந்த பையன்கள் தங்கள் கிடார் நண்பர்களையும் அழைத்து வந்து, "கிடாரும் ஆம்ப்ளிஃபயரும் ஏன் வைப்பதில்லை?" என்று கேட்டார்கள். வைத்தார். அமெரிக்கச் சரக்கு விலை அதிகம். 1962இல் தம் கடைப் பணியாளர்களை வைத்து, ஃபெண்டரின் ‘பாஸ்மேன்’ ஆம்ப்ளிஃபயரை ஆதாரமாகக் கொண்டு தம் கடையிலேயே ஒன்றைத் தயாரித்தார். மார்ஷல் என்ற பெயர் உலகப் புகழ் பெற்றது அப்படித்தான். வாடிக்கையாளர் வாய்விட்டுக் கேட்பதைக் காது கொடுத்துக் கேட்ட கடைக்காரன் கெட்டதில்லை என்பதற்கு இதை விட வேறு சான்று வேண்டுமா?

ஆனால் இவர்கள் செய்தவை பெரும்பாலும் மேடைக்கான பெட்டிகள். பயிற்சிக்கு என்று சிறிய பெட்டிகளும் வந்தன. அவை மலிவு என்றாலும் குரல் திருப்தியாக இருக்காது. மாணவன் கையில் உள்ள குறையா, பெட்டியின் குறையா என்று தெரியாமல் பாதியில் விட்டவர்கள் பலர்.

மாடலிங் ஆம்ப்ளிஃபயர் என்பது என்ன?

1990களில் இதற்கு ஒரு வழி பிறந்தது. கிடாரிலிருந்து வரும் மின் அலையை ஒரு விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக மாற்றுகிறார்கள். உள்ளே இருக்கும் சிறிய கணினிச் சில்லு, "இந்த அலை ஒரு ஃபெண்டர் பெட்டிக்குள் போயிருந்தால் எப்படி வெளியே வரும்? மார்ஷல் பெட்டிக்குள் போயிருந்தால் எப்படி வரும்?" என்று கணக்குப் போடுகிறது. விடையை மீண்டும் மின் அலையாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. இவ்வளவும் இமைப்பொழுதுக்குள் நடந்து விடுகிறது. வால்வு இல்லை, சூடேற்றம் இல்லை. எல்லை வரை ஓட்டினால் வரும் அந்தக் கனிந்த குரல் கணக்கிலேயே பிறந்து விடுவதால், ஸ்பீக்கரை எவ்வளவு குறைத்து வைத்தாலும் குரல் பெரும்பாலும் மாறாது. நமக்கு வேண்டியது இந்த ஒன்றுதான்.

அமெரிக்காவின் லைன் 6 கம்பெனி 1996இல் இத்தகைய ஆம்ப்ளிஃபயரையும், 1998இல் ‘பாட்’ என்ற சிறிய சிவப்புப் பெட்டியையும் கொண்டு வந்தது. பின்னாளில் யமஹா அந்தக் கம்பெனியையே வாங்கிக் கொண்டது. யமஹா தானும் 2011இல் வீட்டு மேஜைக்கென்றே டி.எச்.ஆர். வரிசையை வெளியிட்டது. 2016இல் பாஸ் கம்பெனியின் கட்டானா வந்தது. அதன் 50 வாட் பெட்டியில் 50, 25, அரை வாட் என மூன்று நிலை உண்டு. அரை வாட் நிலை வீட்டுக்கு. ஃபெண்டரே தன் பழைய பெட்டிகளின் குரல்களை உள்ளடக்கி 2019இல் 25 வாட் முஸ்டாங் எல்.டி. 25ஐ வெளியிட்டது.

"இதெல்லாம் போலி அல்லவா?" என்று என் பழைய குழு நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதில் நம் தொழில் சார்ந்தது. பால் பெருங்காயம் அசல் சரக்கு. அதன் காரம் தாங்காது என்பதால் பெரும்பாலான வீடுகளில் அப்படியே குழம்பில் போடுவதில்லை. வேலம்பிசினும் மாவும் சேர்த்து வீட்டுக்கு ஏற்றபடி செய்ததுதான் கூட்டுப் பெருங்காயம். டப்பாவின் மேல் ‘கூட்டுப் பெருங்காயம்’ என்று எழுதி விற்கிறோம். அது கலப்படம் ஆகாது. அசல் என்று சொல்லி அதை விற்றால்தான் குற்றம். மாடலிங் பெட்டியும் அப்படியே. மாதிரி என்று சொல்லித்தான் விற்கிறார்கள். தவிர, மார்ஷலின் முதல் பெட்டியும் ஃபெண்டரைப் பார்த்துச் செய்த மாதிரிதானே!

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. முதலில் கிடாரைப் பாருங்கள். நடுவில் துளையுள்ள மரக் கிடாரில் படிக்கும் பிள்ளைக்கு ஆம்ப்ளிஃபயரே வேண்டாம். அது தானே ஒலிக்கும். மின்சாரக் கிடாருக்குத்தான் இது தேவை. தேவையில்லாத சரக்கை நாமும் விற்கக் கூடாது, நம் வீட்டுக்கும் வாங்கக் கூடாது.

2. வாட்டைப் பார்த்து மயங்காதீர்கள். வீட்டுக்கு 10 முதல் 25 வாட் தாராளம். ஸ்பீக்கர் 8 அங்குலம் இருந்தால் குரல் நிறைவாக இருக்கும். இடம் குறைவென்றால் அதை விடச் சிறியதும் போதும்.

3. "இருபது ஆம்ப்ளிஃபயர், நூறு சத்தம்" என்ற விளம்பரத்தை ஓரமாக வையுங்கள். கடையில் வைத்து மிகக் குறைந்த ஒலியில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கடைப் பையன் உரக்க வைத்து அசத்துவான். உரக்க வைத்தால் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் கேட்கும். நாம் பேசிக் கொண்டிருக்கும் அளவுக்குக் கீழே இறக்கிக் கேட்டு, பிடித்தால் மட்டும் வாங்குங்கள்.

4. ஹெட்போன் துளை கட்டாயம் வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் ஹெட்போனைச் செருகியதும் ஸ்பீக்கர் நின்று விடும். ஒயர் உள்ள ஹெட்போனே நல்லது. சாதாரண புளூடூத் ஹெட்போனில் ஒலி சற்றுத் தாமதித்து வரும். விரல் ஒரு நேரம், ஒலி ஒரு நேரம் என்றால் தாளம் நிற்காது.

5. பாட்டைப் போட்டுக் கூடவே வாசிக்கப் பாடல் இணைப்பு இருக்க வேண்டும். நான் பெரும்பாலும் பழைய படப் பாடல்களை மெதுவாக ஓடவிட்டுத்தான் வாசிக்கிறேன்.

6. கைபேசிச் செயலி இல்லாமலும் முக்கியமான வேலைகள் பெட்டியின் குமிழ்களிலேயே நடக்க வேண்டும். செயலியைக் கம்பெனி நிறுத்திவிட்டால் பெட்டி சும்மா கிடக்கும்.

7. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வாங்கி வருகிறார் என்றால் வோல்டேஜைப் பாருங்கள். அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்குச் செய்ததாக இருந்தால், நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகியதும் புகைந்து விடும். மூன்று பின் உள்ள பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிட்டு இரண்டு பின்னாகச் செருகும் வழக்கம் அறவே கூடாது. கிடாரின் இரும்புக் கம்பியில் நம் கை இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

8. மின்வெட்டு அதிகம் உள்ள ஊரில் பேட்டரியிலும் இயங்கும் பெட்டி உதவும். ரோலண்டின் மைக்ரோ கியூப் 6 சிறு பேட்டரிகளிலும், யமஹா டி.எச்.ஆர். 10 எட்டிலும் ஓடும்.

9. பில் போட்டு வாங்குங்கள். உத்தரவாதச் சீட்டில் கடை முத்திரை இருக்கட்டும். நமக்கே இதைச் சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கைதான். ஆனால் என் பழைய பெட்டிக்கு நான் பில் வாங்கவில்லை, பழுதானபோது கேட்க நாதியில்லை.

கையில் இன்னும் குறைவாகத்தான் பணம் இருக்கிறது என்றால், கிடாரிலேயே செருகி ஹெட்போனில் மட்டும் கேட்கும் வாக்ஸ் ஆம்ப்ளக் போன்ற சட்டைப்பைக் கருவிகள் இருக்கின்றன. ஆரம்பத்துக்கு அதுவே போதும்.

வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் முறை

ஏழு மாதம் கழித்து என் மகன் 25 வாட் மாடலிங் பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். இருபதாயிரத்துக்குள் முடிந்தது. முதல் மாதம் நான் வாசிக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தினமும் குமிழைத் திருப்பி ஒவ்வொரு சத்தமாகக் கேட்டுக் கொண்டிருந்தேன். ஜவுளிக் கடையில் ஐம்பது புடவையைப் பிரிக்கச் சொல்லி ஒன்றும் எடுக்காமல் எழுந்து போகும் வாடிக்கையாளர் கதைதான். வாங்கும் பலர் கவிழ்வது இந்த இடத்தில். பிறகு இரண்டே சத்தம் என்று முடிவு செய்தேன். தெளிவான குரல் ஒன்று, லேசாக உடைந்த குரல் ஒன்று. மற்றதை மறந்து விட்டேன்.

பயிற்சியில் முக்கால் பங்கு தெளிவான குரலிலேயே இருக்கட்டும். கரகரப்பை அதிகம் வைத்தால் விரலின் தவறு அதற்குள் மறைந்து விடும். பிள்ளைகளுக்கு அது வீரமாகத் தெரியும். ஆசிரியர் முன் தெளிவான குரலில் வாசிக்கச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும். பழைய பாக்கியை மறைத்துப் பேரேடு எழுதினால் ஆண்டுக் கணக்கில் மாட்டிக் கொள்வது போலத்தான்.

பெட்டியைத் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்க வேண்டாம். கீழ்ச் சுரத்தின் அதிர்வு சுவர் வழியாகவும் தளம் வழியாகவும் அடுத்த வீட்டுக்குப் போகும். ஒரு முக்காலியின் மேல், காதுக்கு நேராகத் திருப்பி வையுங்கள். நான் அடியில் நான்காக மடித்த சாக்கு போட்டிருக்கிறேன். அதிர்வு பெரும்பகுதி அதிலேயே அடங்கி விடுகிறது. சாக்குக்கா நம்மிடம் பஞ்சம்?

மெல்லிய ஒலியில் நம் காதுக்குக் கீழ்ச் சுரமும் மேல்ச் சுரமும் குறைவாகக் கேட்கும். 1933லேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் இதை அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இரவில் பாஸ் குமிழைச் சிறிது கூட்டிக் கொண்டால் குரல் நிறைவாகும். ஆனால் எல்லை மீற வேண்டாம்.

ஹெட்போன் போட்டால் ஊருக்குத் தொல்லை இல்லை. நம் காதுக்கு உண்டு. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பு அளவு. ஒலி கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். அரை மணிக்கு ஒரு முறை கழற்றி வையுங்கள். வீட்டில் கூப்பிடுவதும் காதில் விழ வேண்டும் அல்லவா?

நேரம் அரை மணி போதும். பத்து நிமிடம் தாளக் கருவியோடு விரல் பயிற்சி, பத்து நிமிடம் கடினமான ஒரு பகுதி மட்டும், பத்து நிமிடம் பிடித்த பாட்டு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வாசிப்பதை விட, தினமும் அரை மணி வாசிப்பதே கையில் நிற்கும். அன்றாடம் கல்லாவை எண்ணும் பழக்கம் உள்ள நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிறைவாக

எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசித்தவரும் மளிகைக் கடைக்காரர்தான். "பையன் கையில் கடையைக் கொடுத்துட்டு வாசிப்பேன்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். கடையைக் கொடுப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். கல்லாவில் உட்கார்ந்தே ஆயுள் கழிவது நம் தொழிலில் சாதாரணம். நமக்கென்று ஒன்று வேண்டும். அது பாட்டாக இருக்கலாம், சதுரங்கமாக இருக்கலாம், தோட்டமாக இருக்கலாம். அதற்கு இரவு பத்து மணிக்கு மேல்தான் நேரம் என்றால், பிறர் தூக்கத்தைக் கெடுக்காமல் அதைச் செய்ய வழி இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

சென்ற வாரம் பக்கத்து வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். அவர் தாயார் இப்போது நலம். சாமான் கட்டிக் கொண்டிருக்கும்போது, "என்ன அண்ணாச்சி, கிடாரை விட்டுட்டீங்களா? சத்தமே கேக்கலையே" என்றார். முந்தின இரவுதான் பதினோரு மணி வரை வாசித்திருந்தேன்.

பேரப்பிள்ளைகளுக்கு வாங்கப் போகும் உறுப்பினர்கள், பெட்டியைக் குறைந்த ஒலியில் கேட்டு வாங்குங்கள். இரண்டு சத்தத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். அடியில் ஒரு சாக்கு போடுங்கள். முடிந்தால் அந்தப் பிள்ளை வாசிக்கும்போது பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள்.